தரங்கம்பாடிச் சுண்ணாம்பு

ராயபுரத்து ஓவர்லாக் மெஷின் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவனுக்குத் தரங்கம்பாடி முதல் நாள் ஒட்டாது. பட்டப்பகலில் இத்தனை அமைதியா என்று கை பரபரக்கும். மறுநாள்தான் கண் பழகுகிறது. 1792-இல் திருப்பிக் கட்டிய நகர வாசலைத் தாண்டினால் ராஜவீதி, நேரே கடல். வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில்தான் என் கண் நின்றது. உப்புக்காற்றில் பொரிந்த இடத்தில் விரல் வைத்தால் மாவாக ஒட்டுகிறது, உள்ளே செங்கல் சிவக்கிறது. சிமெண்ட் பூசிச் சரிசெய்த சுவர்கள் பார்க்கவே சகிக்கவில்லை.

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய கோட்டையைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு அதை ஊரோடு சேர்த்து விற்றும்விட்டார்கள். பக்கத்திலேயே கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது; கோட்டைக்கு முந்நூறு வருஷம் மூத்தது. போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.