பள்ளி என்னும் சொல்லும் பள்ளி மூடும் ஆணையும்

ஒரு சொல் பல பொருள் குறித்து வருதல் எல்லா மொழிக்கும் பொதுவே. எனினும் அப்பொருள்கள் தம்முள் எவ்வாறு உறவுடையன என ஆராயுமிடத்தே அம்மொழி பேசுவோரின் வாழ்வு புலனாகும். ‘பள்ளி’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. படுக்கை, உறக்கம், துறவியர் உறைவிடம், சிற்றூர், இடையர் சேரி, கல்வி கற்கும் இடம் என அகரமுதலிகள் அதன் பொருளை விரித்துரைக்கின்றன. சமண முனிவர் தம் உறைவிடங்களில் எழுத்தறிவித்தமையின் கல்விச்சாலைக்கு அப்பெயர் வாய்த்தது என்பது அறிஞர் பலர் கொள்ளும் முடிபு. அதனை யாம் மறுத்திலேம். ஆயினும், சிற்றூருக்கும் கல்விச்சாலைக்கும் ஒரு சொல்லையே வழங்கிய மொழியில், சிற்றூர்ப் பள்ளியை மூடுக என்னும் ஆணை எத்தகைய சொற்களால் எழுதப்படுகிறது, அதனை எதிர்ப்போர் எத்தகைய சொற்களால் விடையிறுக்கின்றனர் என்பது திறனாய்வாளர் நோக்கத்தக்க பொருள் என்றே கருதுகின்றோம்.

இஃது ஆட்சித்துறையார்க்கும் கல்வியியலார்க்கும் உரிய பொருளன்றோ, தமிழ்த்துறைக்கு இதில் பணி யாது என வினவுவாரும் உளர். அவர்க்கு 1953ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றையே விடையாகத் தருதல் அமையும். அவ்வாண்டில் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராசகோபாலாச்சாரியார் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கென ஒரு திட்டம் கொணர்ந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலுதல் வேண்டும் என்பது அதன் சாரம். அரசு அதற்கு இட்ட பெயர் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் என்பது. எதிர்த்தோர் இட்ட பெயர் குலக்கல்வி. முன்னையது நான்கு சொற்கள் சேர்ந்து எப்பொருளையும் உணர்த்தாத தொடர். பின்னையது ஒரு தொகைச்சொல். அவ்வொரு சொல் திட்டத்தின் உள்ளீட்டை வெளிப்படுத்தி ஊர்தோறும் பரவியது. சூலைத் திங்களில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடுமாறு வந்த தீர்மானம் இருபாலும் 138 வாக்குகள் பெற்றுச் சமனாகி, அவைத்தலைவரின் வாக்கால் வீழ்ந்தது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் விடுக்குமாறு வந்த பிறிதொன்று 139க்கு 137 என நிறைவேறியது. பருலேக்கர் தலைமையில் அமைந்த குழு திட்டத்திற்குச் சார்பாகவே அறிக்கை தந்தது. எனினும் திட்டம் நிலைத்திலது. 1954 ஏப்பிரலில் காமராசர் முதலமைச்சரானார். மே 18ஆம் நாள் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் அதனைக் கைவிடுவதாக அறிவித்தார். வல்லுநர் அறிக்கையை வென்றது ஒரு சொல் மட்டுமே என்று யாம் சொல்லவில்லை. கட்சியும் கிளர்ச்சியும் அதன் பின் நின்றன. ஆயின் அச்சொல் இன்றேல் அவை எதனைச் சுற்றித் திரண்டிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி நம் காலத்து ஆணைகளின் சொற்களை நோக்குவோம். ‘மூடுதல்’ என்னும் வினை அவற்றில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ‘இணைத்தல்’, ‘ஒருங்கிணைத்தல்’, ‘சீரமைத்தல்’ என்பனவே காணப்படும். 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மாணவர் எவரும் சேராத 46 பள்ளிகள் தற்காலிகமாக நூலகங்களாக மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. நூலகத்தை யாம் எவ்வாறு பழிப்போம்? எழுதப் படிக்கக் கற்பிக்கும் இடம் நீங்கிய பின் படிப்பதற்கு நூல்கள் வந்தன என்னும் முரணை மட்டும் சுட்டி அமைகின்றோம். 2025 சூனில் உத்தரப்பிரதேச அரசு 50க்குக் குறைந்த மாணவர்களையுடைய தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ளவற்றோடு சேர்க்கப் பிறப்பித்த ஆணைக்கு ‘இணை சேர்த்தல்’ என்னும் பொருள்படும் ‘பேரிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லே வழங்கியது. இணை சேரும் இரண்டனுள் ஒன்று மறைந்துபோகும் இணைப்பு உலக வழக்கில் வேறு யாண்டும் இல்லை. சீதாப்பூர்ப் பிள்ளைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கை அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி சூலை 7ஆம் நாள் தள்ளினார். 24ஆம் நாள் இரு நீதிபதிகள் அமர்ந்த ஆயம் அம்மாவட்டத்தில் உள்ள நிலையே தொடர்க எனப் பணித்தது.

கேரளத்தில் வழங்கும் சொல் இன்னும் வெளிப்படையானது. மாணவர் குறைந்த பள்ளியை அங்கே ‘ஆதாயமற்ற பள்ளி’ என்பர். கடைக்கும் ஆலைக்கும் உரிய அடைமொழி பள்ளிக்கு ஏறியது. கோழிக்கோட்டை அடுத்த மலாப்பறம்பில் நூற்றாண்டு கடந்த உதவிபெறும் தொடக்கப் பள்ளி ஒன்று இருந்தது. ஓராண்டு முன்னறிவிப்புத் தந்து பள்ளியை மூடிக்கொள்ள அந்நாட்டுக் கல்விச் சட்டம் மேலாளர்க்கு இடமளிக்கிறது. 2014 ஏப்பிரலில் ஓரிரவு அதன் கட்டடம் இடிக்கப்பட்டது. ஊரார் பொருள் திரட்டி மீளக் கட்டினர். 2016 சூனில் நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற வந்த அலுவலரை மறித்து நின்றனர். பூட்டப்பட்ட பின் பிள்ளைகள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அமர்ந்து பாடம் கேட்டனர். இறுதியில் அரசு இப்பள்ளியையும் இத்தகைய வேறு மூன்று பள்ளிகளையும் தானே ஏற்றுக்கொண்டது.

இவ்வரலாற்றில் எம் உள்ளத்தைக் கவர்வது மீளக் கட்டிய செயலாகும். நிலம் மேலாளருடையது, ஊதியம் அரசுடையது. சட்டப்படி நோக்கின் ஊராருடையது ஒன்றுமில்லை. பின் எவ்வுரிமையால் ‘எங்கள் பள்ளி’ என்றனர்?

ஈண்டு நம் இலக்கணம் கைகொடுக்கும். ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் கூறிய நம் முன்னோர், அதனைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் இரண்டாகப் பகுத்தனர். முருகனது கை என்புழிக் கை முருகனின் வேறன்று. முருகனது நிலம் என்புழி நிலம் விற்கவும் படும். ஆணையெழுதுவோர் ஊர்க்கும் பள்ளிக்கும் உள்ள உறவைப் பிறிதின்கிழமையாகக் கொள்கின்றனர். ஈரிடத்துப் பள்ளிகளை ஓரிடத்து வைத்தல் அவர்க்குப் பெட்டியை இடம் மாற்றி வைத்தல் போல்வது. மலாப்பறம்பினர் தற்கிழமையாகக் கொண்டனர். பள்ளி காக்கும் போராட்டம் எங்கு நிகழினும் அதன் உள்ளீடு இவ்வேற்றுமைப் பொருள் பற்றிய வழக்கே என்பது எம் துணிபு. தற்கிழமை என்பது இயற்கையில் அமைந்தது; பள்ளியோ ஒரு காலத்துப் புறத்திருந்து வந்தது. வந்த பொருள் எவ்வாறு உறுப்பாயிற்று என்பதே வினா.

இலக்கியம் இவ்வினாவைத் தொட்டதுண்டா? பள்ளி திறந்த கதை பலரால் எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் தலையாயது என யாம் மதிப்பது கிர்கிசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962இல் வெளியிட்ட ‘முதல் ஆசிரியர்’ என்னும் குறுநாவல். தமிழ் படிப்போர் பலர்க்கும் அது மொழிபெயர்ப்பால் அறிமுகமானதே. 1924இல் குர்க்குரேவு என்னும் மலையடிச் சிற்றூர்க்குத் தூய்சேன் என்னும் இளைஞன் வருகின்றான். தானே அரைகுறையாகக் கற்றவன். குன்றின்மேல் பாழ்பட்டுக் கிடந்த குதிரைக் கொட்டிலைத் தன் கையால் மெழுகிப் பள்ளியாக்குகின்றான். மண்வெட்டியால் பிழைக்கும் நமக்குப் படிப்பு எதற்கு என்கின்றனர் ஊரார். குளிர்காலத்து ஓடையில் பிள்ளைகளை முதுகிலும் கையிலும் சுமந்து அவன் கடத்துகையில் குதிரையேறிச் செல்வோர் நகைக்கின்றனர். ஆசிரியத் தொழிலை அறிவின் தொழிலாக மட்டும் கருதிய எழுத்தாளர் பலர். சுமக்கும் தொழிலாக, உடம்பின் தொழிலாகக் காட்டியவர் ஐத்மாத்தவ். அவ்வோடைக் காட்சி ஒன்றே அவர் பெயரை நிறுத்தப் போதியது.

எனினும் இந்நூலில் ஒரு வெற்றிடம் உண்டு. பல்லாண்டுகட்குப் பின் அவ்வூரில் புதிய பள்ளி திறக்கப்படுகிறது. தூய்சேனின் மாணவியாயிருந்து பேரறிஞராய் உயர்ந்த அல்தினாய் சிறப்பு விருந்தினராய் வருகின்றார். முதிய தூய்சேனோ அஞ்சற்காரனாய் வாழ்த்துத் தந்திகளைக் கொணர்ந்து வாயிலிலேயே திரும்புகின்றான். நகைத்த ஊர் விழாவெடுக்கும் ஊராக மாறிய இடைக்காலத்தில் நிகழ்ந்தது யாது? எந்தத் தாய் முதலில் தன் பிள்ளையைத் தானே அனுப்பினாள்? கொட்டிலின் கூரை ஒழுகியபோது எவர் ஏறி வேய்ந்தார்? ஆசிரியர் இவற்றைத் தாண்டிச் சென்றுவிடுகின்றார். ஊர் அவர் கதையில் முதலில் நகைக்கிறது, பின்னர்க் கைதட்டுகிறது; இடையில் பேசவேயில்லை. பள்ளி உறுப்பான வரலாறு அவ்விடையிலேதான் உள்ளது. நம் புனைகதையிலும் இவ்விடைவெளியை எழுதினார் அரியர். மூடுதலை எழுதினார் அவரினும் அரியர் என்றே எமக்குத் தோன்றுகிறது.

நூலில் காணாததை மலையில் காண வாய்ப்புக் கிட்டியது. சொல் தொகுக்கும் பணியின் பொருட்டுச் சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காட்டு வட்டத்தைச் சேர்ந்த வாழவந்திக்குச் சென்றிருந்தோம். அம்மலைவாழ் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பது அவர் கொள்ளும் பொருள், பேசுவது தமிழே. காஞ்சியினின்று உடன்பிறந்தார் மூவர் மலையேறி வந்து குடியமர்ந்தனர் என்பது அவர்தம் பழங்கதை. வாழவந்தி என்னும் ஊர்ப்பெயரும் வாழ வந்தவள் என்றே பொருள் தருதல் காண்க. 1820களில் காப்பிப் பயிர் வந்தபின் தோட்டங்கள் பெருகின. ஏற்காட்டு ஊரில் 1894இலும் 1917இலும் தோன்றிய உறைவிடப் பள்ளிகள் இன்றும் சிறந்து விளங்குகின்றன; தொலைநாட்டுப் பிள்ளைகளும் அங்கு வந்து பயில்கின்றனர். அதே மலையின் குக்கிராமங்களிலோ ஓராசிரியரும் ஈராசிரியரும் ஐந்து வகுப்புகளை நடத்தும் சிறு பள்ளிகளே உள. பிறர் பிள்ளைகள் ஏறிவரும் மலையில் அம்மலைப் பிள்ளைகள் எவ்வளவு இறங்கிச் செல்லல் வேண்டும் என்பது எண்ணத்தக்கது.

தொலைவைப் பற்றி ஆங்குக் கேட்டவை குறிக்கத்தக்கன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை அடுத்து வந்த 2010ஆம் ஆண்டு மைய விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகட்கு நடந்து செல்லும் தொலைவில் 1 கிலோமீட்டருக்குள் பள்ளி அமைதல் வேண்டும் என்கின்றன. மண்சரிவும் வெள்ளமும் நேரக்கூடிய கடு நிலங்களில் அவ்வெல்லையைக் குறைத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. விதி நன்றே. ஆயின் மலைமக்கள் கிலோமீட்டரால் அளப்பதில்லை. ‘கூப்பிடு தூரம்’ என்பர். ‘ஓர் ஏற்றம் ஓர் இறக்கம்’ என்பர். நிலப்படத்தில் அருகருகே உள்ள இரு புள்ளிகளுக்கிடையே ஓர் ஓடையும் ஒரு காட்டெருமைத் தடமும் இருக்கலாம். ஆறு அகவைப் பிள்ளையின் காலுக்கு அவை எத்துணைத் தொலைவு என்பதற்கு ஆணையில் கட்டம் இல்லை. கூப்பிடு தூரம் என்பதில் கூப்பிடுபவர் ஒருவர் உண்டு. பிள்ளையின் குரல் தாய்க்குக் கேட்கும் எல்லையே அவ்வளவை. மலைப்பள்ளிக்காக மனு எழுதுவோர் இவ்வளவையைக் கைவிட்டு, ஆணை எழுதுவோரின் எண்களையே எடுத்தாளும்போது வழக்கில் பாதியை இழந்துவிடுகின்றனர் என்பது யாம் கண்ட மனுக்கள் சிலவற்றால் அறிந்தது. ‘கருணை கூர்ந்து’ என்று தொடங்கி, ‘மாணவர் எண்ணிக்கையை உயர்த்துவோம்’ என்று அவை முடிகின்றன. எண்ணிக்கை உயராவிடின் மூடலாம் என்னும் ஒப்புதல் அத்தொடரிலேயே அடங்கியிருத்தலை எழுதியோர் உணர்ந்திலர்.

எதிர்ப்புறத்து வாதத்தையும் மறைத்தல் ஆகாது. மூன்று பிள்ளைகள் மட்டும் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை தன்னோடொத்தாரைக் காணாமலே வளரும். ஓர் ஆசிரியர் விடுப்பெடுப்பின் பள்ளியே விடுப்பெடுக்கும். இவற்றினும் கசப்பான உண்மை ஒன்றுண்டு: பள்ளியைக் காக்க முன்னிற்போருள்ளும் சிலர் தம் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டே கூட்டத்திற்கு வருகின்றனர். உறுப்பு என்று வாயால் கூறி, உடைமையாகவே அதனைக் கையாளுதல் இது. வேலை தேடி அயல் மாநிலத் தோட்டங்கட்குக் குடும்பத்தோடு செல்வோரின் நிலை வேறு; அவரை யாம் குறை கூறோம். மூடுதலுக்கு முன்னரே ஆசிரியரைக் குறைத்தும் கட்டடத்தைக் கவனியாது விட்டும் பிள்ளைகள் நீங்கச் செய்துவிட்டு, பிள்ளைகள் இல்லை ஆதலின் மூடுகின்றோம் என்னும் இடங்களும் உள. ஆங்குக் காரியம் காரணமாக வேடம் புனைகின்றது.

வாழவந்திப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், எழுத்தறியாத முதியவள் ஒருத்தியிடம் காலத்தைக் குறிக்கும் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறும் பொழுது, மாடு திரும்பும் பொழுது என வரிசையாகக் கூறிவந்தவள், முற்பகலுக்கு ஒரு பொழுதைச் சொல்கையில் ‘மணியடிக்கிற நேரம்’ என்றாள். கோயில் மணியோ என வினவினோம். “கோயிலுக்கு ஏதுங்க தெனமும் மணி? நம்ம பள்ளிக்கூடத்து மணிதான். அதக் கேட்டுத்தான் நான் காட்டுக்குக் கெளம்புறது” என்றாள். அவள் பிள்ளைகள் அப்பள்ளியில் பயின்று நீங்கிப் பல்லாண்டுகள் ஆயின. பேரப்பிள்ளைகள் சேலத்தில் உள்ளனர். வருகைப் பதிவேட்டில் அவள் குடும்பத்துப் பெயர் ஒன்றுமில்லை. ‘நம்ம’ என்று அவள் கூறிய ஆறாம் வேற்றுமையை எவ்வகையில் சேர்ப்பது என உடன் வந்த மாணவர் ஒருவர் எம்மை வினவினார். தற்கிழமை எனக் குறித்துக்கொள்ளுமாறு கூறினோம்.