கரையாமல் கிடக்கும் உப்பு எது?

கரைதிறன் விதிகளை மனப்பாடம் செய்தால் போதும், படிகமாக்கல் நீரைப் பற்றியெல்லாம் மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்று வாதாடும் வேதியியல் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். நைட்ரேட்டுகள் கரையும், பேரியம் சல்பேட் கரையாது என்று தெரிந்தால் நுழைவுத் தேர்வில் விடையைக் குறித்துவிடலாம் என்கிறார்கள். உண்மைதான். எந்த இரு கரைசல்களைக் கலந்தால் வீழ்படிவு வரும் என்று நொடியில் சொல்ல அந்தப் பட்டியல் நல்ல கருவி.

ஆனால் பட்டியல் உப்பின் பெயரோடு நின்றுவிடுகிறது. முகவையின் அடியில் கரையாமல் தங்கியிருக்கும் திண்மம் எது என்று அது கேட்பதே இல்லை. தெவிட்டிய கரைசல் அந்தத் திண்மத்தோடுதான் சமநிலையில் இருக்கிறது. திண்மம் மாறினால் கரைதிறனும் மாறும்.

மயில்துத்தத்தையே பாருங்கள். 20 டிகிரியில் 100 கிராம் நீரில் ஏறக்குறைய 20 கிராம் காப்பர் சல்பேட் கரையும் என்று அட்டவணை சொல்லும். அது நீரற்ற உப்பின் கணக்கு. மாணவர் எடுத்துப் போடுவதோ நீலப் படிகம்; அதன் எடையில் 36 சதவீதம் தண்ணீர். 20 கிராம் படிகத்தைப் போட்டால் கரைசல் தெவிட்டாது, பக்கத்தில்கூடப் போகாது. வெப்பமும் அப்படித்தான்: நீரற்ற உப்பான வெள்ளைப் பொடியை நீரில் போட்டால் சோதனைக் குழாய் சுடும், நீலப் படிகம் கரையும்போது சற்றே குளிரும். ‘காப்பர் சல்பேட் கரைவது வெப்பம் உமிழுமா, கொள்ளுமா’ என்ற கேள்விக்கு, எந்தக் காப்பர் சல்பேட் என்று கேட்காமல் விடை சொல்லவே முடியாது.

சோடியம் சல்பேட் இன்னும் வெளிப்படையான சாட்சி. 100 கிராம் நீரில், நீரற்ற உப்பின் கணக்கில், 0 டிகிரியில் 5 கிராம் அளவே கரைவது 32.4 டிகிரிக்குள் 50 கிராமை எட்டுகிறது. அங்கிருந்து கோடு முறிந்து மெல்லக் கீழே இறங்குகிறது. முறியும் இடம் வரை அடியில் இருப்பது பத்து நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம். அதற்கு மேல் நீரற்ற உப்பு. அது ஒரே உப்பின் விசித்திர குணம் இல்லை, இரண்டு திண்மங்களின் இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம். வரைபடத்தைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் ‘விதிவிலக்கு’ என்று எழுதவைப்பது கற்பித்தலே ஆகாது. கையில் இருக்கும் காரணத்தை மறைப்பது அது. படிகக்கூடு ஆற்றலையும் நீரேற்ற ஆற்றலையும் தராசில் வைத்துக் காட்டும் வழக்கமான பாடமும் இதே தவற்றைச் செய்கிறது. அயனிகளைச் சுற்றி ஏற்கெனவே நீர் குடியேறிவிட்ட படிகத்துக்கு, உலர்ந்த உப்பின் கணக்கு அப்படியே பொருந்துமா?

பட்டியலில் கால்சியம் சல்பேட்டுக்கு ஒரே வரி: சிறிதளவே கரையும். அதன் நீரேறிய படிகமான ஜிப்சம் 100 கிராம் நீரில் கால் கிராம் அளவுதான் கரையும். அதைச் சூடாக்கி முக்கால்வாசி நீரை வெளியேற்றினால் கிடைக்கும் பாரிஸ் சாந்து, சாதாரண வெப்பநிலையில் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கரையும். சாந்தைக் குழைக்கும்போது அது கரைந்து, ஜிப்சத்துக்கு அளவு மீறிய கரைசலாகிறது. அதிலிருந்து ஜிப்சம் ஊசி ஊசியாகப் படிகமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. வேதியியலாளர் லெ சாட்லியர் 1880களிலேயே தந்த விளக்கம் இது. முறிந்த கைக்குப் போடும் மாவுக்கட்டு இறுகுவது இந்த இரண்டு கரைதிறன்களின் வித்தியாசத்தால்தான். அந்த வித்தியாசத்தைத்தான் ஒற்றை வரி அழித்துவிடுகிறது.