நுண்கால அளவை: பாணிகளும் தராதரமும்

விநாடியை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு நானோ விநாடி. அதை வீட்டு மேசையில் வைத்து, ஆசைக்காக மட்டுமே அளப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் ஹாம் வானொலி வழியாக வந்தவர்கள். இவர்களுடைய கருவிகளில் பெரும்பகுதி செல்போன் கோபுரங்களும் ஆய்வகங்களும் கழித்துக்கட்டியவை.

புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது, எந்தக் கடிகாரம் உசத்தி என்று. பழைய ஆள் திருப்பிக் கேட்பார்: எவ்வளவு நேரத்துக்கு? இந்தத் துறையில் உள்ள பாணிகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் பிரிகின்றன.

ஒரு விநாடி அளவில் குவார்ட்ஸ்தான் ராஜா. கைக்கடிகாரத்தில் 32,768 ஹெர்ட்ஸில் துடிக்கும் படிகத்தைச் சொல்லவில்லை. 80 டிகிரி அளவிலான சூட்டில், சிறு அடுப்புக்குள் வைத்துக் காக்கப்படும் 10 மெகாஹெர்ட்ஸ் படிகம். இவ்வகை ஆஸிலேட்டர்களில் (அதிர்வுக் கருவிகளில்) எச்பி 10811 பேர்போனது. ஒரு விநாடியிலிருந்து அடுத்த விநாடிக்கு அதன் ஆட்டம் லட்சம் கோடியில் சில பங்குதான். ஆனால் இப்படிகத்துக்குப் புவியீர்ப்பு தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் ஆஸிலேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் அதிர்வெண் நகர்ந்து நிற்கும். வயதாக ஆக மெல்ல விலகவும் செய்யும். மின்சாரத்தை அணைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப நாளாகும் என்பதால், இப்பாணிக்காரர்கள் வருடக்கணக்கில் அணைப்பதே இல்லை.

ருபீடியம் பாணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 683 கோடியே 46 லட்சத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ் கொண்ட அணுத் தாவல் ஒன்றில் குவார்ட்ஸைப் பூட்டி வைக்கும் கையடக்கப் பெட்டி. சில நிமிடங்களில் சூடாகி நிலைக்கு வந்துவிடும். வசதியானது. ஆனால் அணுக்கடிகாரம் என்ற பெயரைக் கேட்டு மயங்கக் கூடாது. இதுவும் மாதாமாதம் நகரும். இன்னொன்றோடு ஒப்பிட்டுத் திருத்தியே ஆக வேண்டும்.

யாரையும் கேட்காமல் தானே நிற்பது சீசியம். 1955இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் எஸ்ஸனும் பாரியும் முதல் சீசியம் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். 1967 முதல் விநாடி என்பதே சீசியத்தின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள். இக்கடிகாரத்தின் குறை, அதன் குழாயில் உள்ள சீசியம் ஓட ஓடத் தீர்ந்துபோவது. பழைய சந்தையில் வாங்குபவர் பெட்டியைவிடக் குழாயின் மிச்ச ஆயுளுக்குத்தான் விலை கொடுக்கிறார்.

இந்தப் பாணியின் உச்சம் 2005இல் நிகழ்ந்தது. அமெரிக்கரான டாம் வான் பாக் தம் மூன்று பிள்ளைகளையும் மூன்று சீசியம் கடிகாரங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு ரெய்னியர் மலைக்குப் போனார். வீட்டைவிட ஏறத்தாழ 1,340 மீட்டர் உயரத்தில் ஒரு வார இறுதி தங்கல். உயரத்தில் காலம் சற்று வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. அதன்படி 22 நானோ விநாடி முந்த வேண்டும். திரும்பி வந்து வீட்டுக் கடிகாரங்களோடு ஒப்பிட்டபோது கிடைத்தது சுமார் 23. பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கக்கூடிய வேலையா இது?

அடுத்தது ஜிபிஎஸ் பாணி. இன்று எண்ணிக்கையில் இதுவே பெரிது. ரிசீவர் தரும் ஒவ்வொரு விநாடித் துடிப்பும் பத்து நானோ விநாடி முன்பின் ஆடும். ஆனால் அந்த ஆட்டம் கூடிக்கொண்டே போவதில்லை. ஒரு நாள் முழுக்கப் பார்த்தால் 86,400 விநாடிக்கு அதே பத்து நானோ விநாடிதான் பிழை, அதாவது பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எனவே குறுகிய நேரத்துக்குக் குவார்ட்ஸை நம்பி, நீண்ட நேரத்துக்கு ஜிபிஎஸ்ஸைக் கொண்டு அதை மெல்ல இழுத்துப் பிடிக்கிறார்கள். எச்பி இசட்3801ஏ, டிரிம்பிள் தண்டர்போல்ட் ஆகியவை இவ்வகை. இரவல் நேரம் என்று சீசியக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் உண்மையும் உண்டு: 2017 ஜூலை இறுதியில் தண்டர்போல்ட் பெட்டிகள் 1,024 வாரம் பின்னோக்கித் தாவித் தேதியைத் தவறாகக் காட்டின. ஆனாலும் அதிர்வெண் கெடவில்லை.

ஊசல்காரர்களை விட்டுவிட முடியாது. 1920களின் ஷார்ட் கடிகாரம் ஒன்றை 1984இல் பியர் பூஷெரான் அணுக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்தபோது, சூரியனும் சந்திரனும் ஈர்ப்பில் உண்டாக்கும் மாற்றம்கூட அதில் தெரிந்தது. பழங்காலக் கடிகாரக் கலைஞர் ஹாரிசனின் கொள்கைப்படி மார்ட்டின் பர்ஜெஸ் வடிவமைத்த ஊசல் கடிகாரம் கிரீனிச்சில் 100 நாள் சோதனையில் முக்கால் விநாடிகூடப் பிசகவில்லை; முடிவு 2015இல் வெளியானது.

இத்தனை பாணிகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க உதவுவது டேவிட் ஆலன் 1966இல் வெளியிட்ட முறை. அளக்கும் கால அளவு படுக்கைக் கோட்டில். அவ்வளவு நேரத்துக்கு ஆட்டம் எவ்வளவு என்பது செங்குத்துக் கோட்டில். குவார்ட்ஸின் கோடு இடப்பக்கம் தாழ்ந்து வலப்பக்கம் ஏறும். ஜிபிஎஸ் கோடு மேலிருந்து இறங்கிக்கொண்டே போகும். இரண்டும் வெட்டும் இடத்தில்தான் ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்க வேண்டும். அறையின் குறைகூட இதில் மறையாது. ஏசி 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நின்றால், கோட்டில் ஏழெட்டு நிமிடத்தருகே ஒரு திமில் எழும்பும்.

என் கருத்தில் இத்துறையின் தராதரம் சறுக்குவது கடிகாரத்தில் இல்லை, நேர வேறுபாட்டை அளக்கும் கவுண்டரில். 20 பிகோ விநாடி வரை பகுத்துக் காட்டும் எச்பி 5370பி அருமையான கருவிதான். ஆனாலும் ஒரு விநாடி அளவில் அதன் சொந்த இரைச்சலே நல்ல குவார்ட்ஸின் ஆட்டத்தைவிடப் பெரிது. பலர் ஆஸிலேட்டரின் அளவு என்று பெருமையாகக் காட்டுவது கவுண்டரின் அளவைத்தான். இதைத் தாண்ட ஒரு வழி உண்டு. ஒப்பிட வேண்டிய இரண்டு 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னல்களையும், அவற்றிலிருந்து 10 ஹெர்ட்ஸ் மட்டும் விலகிய மூன்றாவதோடு தனித்தனியே கலந்தால், கிடைக்கும் இரண்டு மந்த அலைகளுக்கு இடையே நேர வேறுபாடு பத்து லட்சம் மடங்கு பெருத்து நிற்கும். பிறகு சாதாரணக் கவுண்டரே போதும்.

இதைப் படித்துவிட்டு இத்துறையில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீசியத்துக்கு விலை விசாரிக்கும் முன், ஒரே ஆஸிலேட்டரின் சிக்னலைப் பிரித்து உங்கள் கவுண்டரின் இரண்டு வாயிலுக்கும் கொடுத்து ஓர் இரவு ஓடவிடுங்கள். வரும் கோட்டை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.