கூடல்வாய்த் தகரம்

முற்றம் வைத்த ஓட்டு வீட்டில் எல்லாரும் தூணைப் பார்ப்பார்கள், கதவைப் பார்ப்பார்கள். என் கண் கூடல்வாய்க்குத்தான் போகும். இரண்டு கூரைச் சரிவுகள் உள்நோக்கிச் சேரும் அந்த மூலையில், இரு பக்கத்து மழையும் ஒரே வழியாக இறங்குகிறது. அங்கே ஓடுகளை மட்டும் நம்ப முடியாது. அதனால் அடியில் துத்தநாகம் பூசிய தகரத்தைப் பள்ளமாக மடித்துப் போடுகிறார்கள்.

மடிப்பில்தான் கைத்திறன். மேல்தகரம் கீழ்த்தகரத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீர் இடுக்கில் புகுந்து சட்டத்தை நனைக்கும். ஓரங்களைச் சற்றே மேல்நோக்கி மடக்கியிருப்பார்கள், வேகமாக வரும் நீர் எதிர்ச்சரிவில் ஏறாதிருக்க. ஆணி ஓரத்தில் மட்டும். நடுவில் ஓர் ஆணி அடித்தாலும் ஒழுக்குதான்.

ஒழுகினால் உடனே சிமெண்ட் பூசுகிறோமே, அது வீண் வேலை. வெயிலில் தகரம் நீளும், இரவில் சுருங்கும். சிமெண்ட் அப்படி இசைந்து கொடுக்காது, விரிசல் விடும். பெரும்பாலும் ஒழுக்குக்குக் காரணம் தேங்கிய வேப்பஞ்சருகுதான். சருகு ஈரத்தைப் பிடித்து வைக்க, துத்தநாகப் பூச்சு கரைந்து துரு ஏறுகிறது.

ஐப்பசி பிறக்கும் முன் கூடல்வாயைக் கூட்டிவிடுங்கள். துருவேறித் துளை விழுந்த தகரத்தை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள்.