டாஷ்போர்டின் மேல் ஒரு மேடை

ஸ்பீக்கர்களை நன்றாக ட்யூன் செய்த காரில் பாடகர் கதவுக்குள்ளிருந்து பாடமாட்டார். கண்ணாடிக்கு முன்னே, டாஷ்போர்டின் நடுவில் நின்று பாடுவார். வயலின்கள் ஒரு பக்கம், தபேலா மறுபக்கம் என்று ஆளுக்கொரு இடம் தெரியும். எனக்கு இது பெரிய கலை.

நம் ஊர் கார்களில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்கார்கிறார். வலது கதவின் ஸ்பீக்கர் அவர் முழங்காலருகே. இடதுபக்கத்தது அதைவிட அரை மீட்டராவது தள்ளி. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆக வலப்பக்க ஒலி ஏறக்குறைய 1.5 மில்லிவிநாடி முந்திக்கொள்கிறது. அது போதும், மொத்தப் பாட்டும் வலப்பக்கமே சாய்ந்துவிடும். கைதேர்ந்தவர் ஹெட்ரெஸ்டிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் டேப் பிடித்து அளக்கிறார். கிட்ட இருப்பதை டிஎஸ்பி என்ற ஒலிச் செயலியில் அந்தத் தூர வித்தியாசத்துக்கேற்பத் தாமதப்படுத்துகிறார். பிறகு தனிக்குரல் ஒன்றை ஓடவிட்டு, 0.1 மில்லிவிநாடி கூட்டியும் குறைத்தும் கேட்கிறார். குரல் மெல்ல நகர்ந்து நடுவில் வந்து நிற்கும்போது உடம்பு சிலிர்க்கும். பக்கத்து சீட்காரருக்கு மட்டும் அந்த நடு வாய்க்காது.

புது ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் எடுத்து வைத்திருப்பவர்களே, முதலில் இதைச் செய்து கேளுங்கள்.