கல்யாண வீடியோவும் 4.7 ஜிபி டிஸ்கும்

கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர்கள் இப்போது பென் டிரைவில்தான் தருகிறார்கள். ஊரில் பெரியவர்கள் வீட்டு டிவிக்குக் கீழே இருப்பதோ டிவிடி பிளேயர். டிஸ்கைப் போட்டால் படம் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. 1080 தரத்தில் 2 மணி 40 நிமிடம் ஓடும் வீடியோ ஒன்றை அப்படி மாற்ற, இலவசமாகக் கிடைக்கும் டிவிடிஸ்டைலர், எஃப்எஃப்எம்பெக் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக்கை இதற்குத் தேட வேண்டாம். எம்பி4 செய்ய அருமையான மென்பொருள்தான். ஆனால் பிளேயர் படிக்கிற டிவிடி வடிவத்தை அது உருவாக்காது.

டிவிடிஸ்டைலர் பழகுவதற்கு எளிது. டிஸ்கின் கொள்ளளவு, ‘பால்’ முறையா என்டிஎஸ்சியா, 4:3 திரையா 16:9 திரையா, ஆடியோ எந்த வகை என்று முதலிலேயே கேட்டுவிடுகிறது. நமக்கு வேண்டியது ‘பால்’, 16:9, ஏசி-3. பிட்ரேட்டை ஆட்டோவில் விட்டால் வீடியோவின் நீளத்தைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒன்றரை மணி நேர வீடியோவுக்கு இதுவே தாராளம்.

நம் கல்யாணங்கள் ஒன்றரை மணி நேரத்தில் முடிவதில்லை. 4.7 ஜிபி என்றால் 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். 160 நிமிடத்துக்கு 9,600 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 39 லட்சம் பிட் சொச்சம். ஆடியோ, மெனு, ஓரத்தில் விடும் கொஞ்சம் இடம் எல்லாம் போகப் படத்துக்கு மிஞ்சுவது சுமார் 3.5 எம்பிபிஎஸ். டிவிடி தரநிலை படத்துக்கு அனுமதிக்கும் உச்சமோ 9.8. எஃப்எஃப்எம்பெக்கின் ‘பால்’ டிவிடி அமைப்பை அப்படியே ஓட்டினால் படத்துக்கு 6 எம்பிபிஎஸ், ஆடியோவுக்கு 448 கேபிபிஎஸ் என்று எடுத்துக்கொள்ளும். இந்த வீடியோவுக்கு அது ஏறக்குறைய 7.7 ஜிபி ஆகிவிடும்.

அதனால் இருக்கிற 3.5-ஐ எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓமப் புகை எழும்புகிறது, நாலாபக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது, ஃபிளாஷ் வெட்டுகிறது. ஒவ்வொரு ஃபிரேமும் முந்தைய ஃபிரேமோடு ஒத்துப்போகாத இந்த அரை நிமிடம்தான் எம்பெக்-2 முறைக்குக் கடினமான பகுதி. பிட்ரேட்டை ஒரே சீராக வைத்தால் புகை சதுரம் சதுரமாக உடைகிறது. மாப்பிள்ளையின் விரல்கள் கலங்கித் தெரிகின்றன. எந்த நிமிடத்துக்காக வீடியோ எடுத்தோமோ, அதுவே கெடுகிறது.

இதற்கு மருந்து டூ-பாஸ். முதல் ஓட்டத்தில் வீடியோ முழுவதையும் அலசி, எங்கே சிரமம் என்று குறித்துக்கொள்கிறது. இரண்டாவதில், பந்தி வரிசை, மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் போன்ற அமைதியான ஷாட்களில் மிச்சம் பிடித்து முகூர்த்தத்துக்குக் கொடுக்கிறது. நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பரவாயில்லை, இரவில் ஓடட்டும். சராசரி 3.5, உச்சம் 8 என்று வைத்தேன். உச்சத்தை 9-க்கு மேல் ஏற்றினால், வீட்டில் ரைட் செய்த டிஸ்கைப் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறும்.

ஆடியோவிலும் மிச்சம் பிடிக்கலாம். கல்யாண வீடியோவில் பெரும்பாலும் ஸ்டீரியோதான்; 448 எதற்கு? 192 கேபிபிஎஸ்ஸில் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் தெளிவாகவே கேட்கின்றன. இந்த நீளத்துக்கு அதில் மட்டும் 300 எம்பி படத்துக்குக் கிடைக்கிறது.

நிறத்தைப் பலர் கவனிப்பதில்லை. எச்டி வீடியோ 709 என்ற நிறக் கணக்கில் இருக்கும், டிவிடி 601-ல். மாற்றாமல் விட்டால் அரக்குக் கூறைப்புடவை சற்று இருண்டும், வாழை மரத்தின் பச்சை சற்றுத் தூக்கலாகவும் தெரியும். அளவைச் சுருக்கும் கட்டத்திலேயே இந்த மாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜரிகை மினுமினுப்பு இன்னொரு தொல்லை. 1080-ஐ 720க்கு 576 ஆகச் சுருக்கும்போது லாங்க்ஸோஸ் முறை கூர்மையாகத் தரும், அந்தக் கூர்மையில் ஜரிகைக் கோடுகள் துடிக்கும். பைகூபிக் போதும்.

சினிமா கோப்பு என்றால் 24 ஃபிரேமை 25 ஆக்க வேண்டிவரும். 150 நிமிடப் படம் 144 நிமிடமாகும், குரலும் சற்றே உயரும். நம் கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் 25 அல்லது 50-ல் இருப்பதால் அந்த வேலை இல்லை.

இப்படிச் செய்த கோப்பை டிவிடிஸ்டைலரில் சேர்த்து, மறுபடி என்கோட் செய்யாமல் ‘காப்பி’ என்று தேர்ந்தெடுத்து, மெனு மட்டும் அமைத்தேன். என் பரிந்துரையும் இதுதான்: இரண்டு மணி நேரம் வரை டிவிடிஸ்டைலர் மட்டும், அதற்கு மேல் எஃப்எஃப்எம்பெக்கில் டூ-பாஸ், மெனுவுக்கு டிவிடிஸ்டைலர். மூன்று மணி நேரம் தாண்டினால் அழுத்திப் பிழியாதீர்கள். ரிசப்ஷனைத் தனி டிஸ்கில் போடுங்கள். வெற்று டிஸ்கின் அளவை விண்டோஸ் 4.37 என்றுதான் காட்டும்; அதிலும் விளிம்புவரை நிரப்பாமல், 8எக்ஸ் வேகத்துக்கு மேல் போகாமல் ரைட் செய்யுங்கள். படிப்பதில் கோளாறு பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் வரும், படத்தின் கடைசிப் பகுதி இருப்பதும் அங்கேதான்.