கொஞ்சம் கலரா...

பொழிச்சலூர் அகஸ்தீஸ்வரர் கோயிலுக்கு 'வட திருநள்ளாறு' என்று பெயர். சனிக்கிழமை போனால் சனி பகவானுக்கு எள் விளக்கேற்ற வரிசை நிற்கும். கறுப்புக்கு இவ்வளவு மரியாதை தரும் அதே ஜனங்கள், வெளியே வந்து ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க உட்கார்ந்ததும் சொல்வது: "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி பாத்துக்குங்க."

'கலர்' என்ற வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் நேர்ந்த கதியைக் கவனியுங்கள். 'பொண்ணு நல்ல கலர்' என்றால் கலர் குறைச்சல் என்று அர்த்தம்!

அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர் போன மாதம் காலமானார். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். மகள் பென் டிரைவுடன் வந்தாள். "அப்பாவோட நல்ல போட்டோ என் கல்யாண ஆல்பத்துலதான் இருக்கு அங்கிள். மூஞ்சி மட்டும் வெள்ளையா அடிக்குது. போட்டோஷாப்ல சரி பண்ணிடலாம்ல?"

திறந்து பார்த்தேன். பட்டு வேட்டி, நெற்றியில் விபூதிப் பட்டை, இரண்டு பக்கமும் வீடியோக்காரர்களின் விளக்கு. நல்ல கறுப்பான மனிதர். படத்தில் நெற்றி எங்கே முடிகிறது, விபூதி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே வெள்ளை.

இதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் மூன்று எண்கள். சிவப்பு, பச்சை, நீலம். ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மனிதத் தோலில், கறுப்போ சிவப்போ, பொதுவாக சிவப்பு எண்தான் அதிகம். அடுத்து பச்சை, கடைசியில் நீலம். வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போனால் சிவப்பு முதலில் 255-ஐத் தொட்டு நின்றுவிடும். மற்ற இரண்டும் துரத்திக்கொண்டு வரும். மாநிறம் முதலில் மஞ்சளாகும், பிறகு எலுமிச்சையாகும், மூன்றும் 255 ஆனதும் சுண்ணாம்பு. அந்த இடத்தில் சுருக்கம் இல்லை, தழும்பு இல்லை, ஒன்றும் இல்லை. மறைந்து கிடக்கவில்லை, பதிவே ஆகவில்லை. வெற்றுக் காகிதத்தை எவ்வளவு கூர்ந்து படித்தாலும் வெற்றுக் காகிதம்தான்.

ஆனாலும் முயன்றேன். 2003-ல் வந்த போட்டோஷாப் சிஎஸ்ஸில் 'ஷேடோ/ஹைலைட்' என்று ஒரு வசதி சேர்த்தார்கள். அதைக் கொடுத்தால் வெள்ளை நெற்றி சாம்பல் நெற்றியாகிறது; சிமென்ட் பூச்சு. அதே படத்தை இன்னொரு லேயராக வைத்து 'மல்டிப்ளை' கொடுத்ததில் பாதி வெந்த கன்னம் தேறியது. நீலச் சேனலில் மட்டும் மூக்கின் ஓரம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வைத்து மூக்கை மீட்டேன். மீதியைக் காதோரத்து நிறத்தைத் தொட்டு பிரஷ்ஷால் பூசினேன். ரா ஃபைல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும். அதில் 12 அல்லது 14 பிட் தகவல் உண்டு. ஆல்பம் டெலிவரி ஆனதும் அதையெல்லாம் அழித்துவிட்டார்களாம்.

இரண்டு மணி நேரம் கழித்துக் காட்டினேன். அந்தப் பெண் ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாருக்கு அங்கிள். ஆனா... அப்பா மாதிரி இல்ல."

சரியான விமர்சனம். அது அவள் அப்பா இல்லை. நான் வரைந்த ஒருவர்.

போட்டோகிராபரைத் திட்டத்தான் தோன்றும். தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். "வெள்ளையா வரலேன்னா ஆல்பத்தை வாங்கவே மாட்டேங்கறாங்க சார்" என்றார். நம்மைத்தான் சொல்கிறார். பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்வார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் பிரிண்டில் வெளுப்பு. நெகட்டிவ் பிலிம் ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும். டிஜிட்டல் தாங்காது. பிலிம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

வெளியூரிலும் இதே வியாதி உண்டு. கலர் பிரிண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க கோடக் கம்பெனி லேப்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் உலகம் சரி. 90-களில்தான் மற்ற நிறத்தவர்களுக்கும் அந்த அட்டையில் இடம் கிடைத்தது. இங்கே 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'குளோ' ஆனது. ட்யூபில் பெயர் மாறியது, அவ்வளவுதான். இப்போது அந்த வேலையைச் செல்போனின் பியூட்டி மோட் இலவசமாகச் செய்கிறது.

எடிட்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணத்தன்று கிளம்பிய பருவை நீக்குவது புண்ணியம். ஆனால் பரு நாலு நாளில் போய்விடும். நிறம் ஆளோடு வந்தது. அதை எடுத்தால் ஆளையே எடுக்கிறோம்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். 'இருக்கற மாதிரியே எடுங்க' என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வெளிச்சம் மிஞ்சின இடம் கேமரா திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மினுக்கினால் ஒரு ஸ்டாப் குறைக்கட்டும். ஆல்பத்தோடு ஒரிஜினல் ஃபைல்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று என்றால், அதே பென் டிரைவில் பந்திப் படம் ஒன்று இருந்தது. சாப்பிடுகிறவர்கள் மேல் விளக்கு. பின்னால் தூண் ஓரம், இருட்டில், பரிமாறுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு அவர் நிற்கிறார். யாருக்காகவும் 'போஸ்' கொடுக்காத முகம். ஆல்பத்தில் இதைச் சேர்க்கவில்லை. வெளிச்சத்தை ஏற்றினேன். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. ஆனால் அவர் வந்தார். நெற்றிச் சுருக்கம், கலைந்த விபூதி, கறுத்த கன்னம். இருட்டில் இருப்பதைத் தேடி எடுத்துவிடலாம். வெளுத்துப் போனதைத் தேட முடியாது.

புராணத்தில் சூரியனின் வெளிச்சம் தாங்காமல் மனைவி சஞ்ஞா தன் நிழலை நிறுத்திவைத்துவிட்டு ஓடிப்போனாள். மாமனார் விஸ்வகர்மா சூரியனைச் சாணை பிடித்து ஒளியைக் குறைத்தார். உலகின் முதல் ஹைலைட் கரெக்ஷன்! அந்த நிழலுக்கு, சாயாதேவிக்குப் பிறந்த பிள்ளைதான் சனி. அப்பா சூரியனுக்குப் பக்கத்து ஊர் கொளப்பாக்கத்தில் கோயில்; பிள்ளைக்குப் பொழிச்சலூரில்.

போட்டோவுக்கு நல்ல தமிழில் நிழற்படம் என்று பெயர். நிழலையும் கொஞ்சம் விட்டு வையுங்கள்.